வெளிக்கூடு மட்டும் திரும்பி வந்தது

"வெளியே இருக்கறது என்னுது. உள்ளே இருக்கறது என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டு, ரிட்சுகோ அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு பட்டுத்துணிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. நிப்பொன்பாஷி கடைத்தெருவில் உடோன் நூடுல்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் குடைகள் வடிந்து தரையெல்லாம் ஈரம். துப்பறிவாளர் இமாசெகி ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்புகளை விசாரிக்கும் வேலை பார்த்தவர். எரிந்த வீடு, காணாமல்போன நகை என்று வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டுக் கேட்டு அதுவே அவருடைய முகமாகிவிட்டது. அவருடைய உதவியாளர் மகிஹோ நேரெதிர். முதலில் பேசிவிட்டு அப்புறம் யோசிக்கும் ரகம். இங்கே வருமுன் பத்து வருடம் வீடியோ விளையாட்டுக்கூடத்தில் வேலை செய்தவள்.

துணியை விலக்கியதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "ஐயையோ, மூடுபனித் தீவு! அசல் கேசட்! அம்மா, இதை இப்படியா கைப்பையில போட்டுக்கிட்டு மழையில வருவீங்க?"

"என் தம்பி செஞ்ச ஆட்டம்மா அது. தோமோனாரி."

வீடியோ கேம் ஆடாதவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. ஆடியவர்களுக்கு அது ஒரு பெருமூச்சு. கொஞ்சமே கொஞ்சம் கேசட்டுகள் வெளிவந்ததும் கம்பெனி மூழ்கிப்போனது. செய்த பையன் முப்பது வயதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அந்தக் கேசட்டுக்காகச் சேகரிப்பாளர்கள் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டார்கள். போன மாதம்தான் சுகிமோரி என்ற பொறியாளர், தோமோனாரி விட்டுச்சென்ற வட்டுகளிலிருந்து அதை மறுபதிப்பு செய்து, யாரும் வாங்கக்கூடிய விலையில் கடைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"இந்தக் கேசட் அவனோட சொந்தக் கேசட்" என்றார் ரிட்சுகோ. "அவன் கடைசியா ஆடி, சேவ் பண்ணி வெச்சது இதுலதான் இருந்துச்சு. வருஷா வருஷம் அவன் நினைவு நாள்ல பழைய மிஷின்ல போட்டு, 'தொடர்'னு அழுத்துவேன். ரெண்டு பேரோட பேரு வரும். தோமோ, ரிட்சு. எங்க ரெண்டு பேரையும் கதாபாத்திரமா வெச்சு ஆடியிருக்கான். அதைப் படிச்சிட்டு அணைச்சிடுவேன். ரீசெட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டேதான் பவரை அணைக்கணும், இல்லாட்டி உள்ள இருக்கறது அழிஞ்சிடும்னு அவன்தான் சொல்லிக்குடுத்தான்."

"உள்ளே போய் ஆடிப் பார்த்ததில்லையா?" என்று கேட்டார் இமாசெகி.

"பயம். நான் ஏதாவது தப்பா அழுத்தி, அவன் வெச்சுட்டுப் போனது கலைஞ்சு போயிட்டா?" என்றார் ரிட்சுகோ. "நேத்து நினைவு நாள். போட்டேன். ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேரும் காணோம்."

"பேட்டரி செத்திருக்கும்" என்றாள் மகிஹோ மெதுவாக.

"போலீஸ்லயும் அதையேதான் சொல்லி அனுப்பினாங்க. ஆனா கிணறு?"

மகிஹோ இமாசெகிக்கு விளக்கினாள். மூடுபனித் தீவின் முதல் ஊரில் ஒரு கிணறு உண்டு. வடக்குப் பக்கமாகச் சுற்றிப்போனால் நாயகன் அதற்குள் மாயமாகிவிடுவான், படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். தோமோனாரி கவனிக்காமல் விட்ட பிழை. மறுபதிப்பில் சுகிமோரி அதைச் சரிசெய்து, விளம்பரத்திலும் பெருமையாகப் போட்டிருந்தார்.

"நேத்து சேவ் காணோம்னதும், புதுசா ஆரம்பிச்சு கிணத்தைச் சுத்தினேன்" என்றார் ரிட்சுகோ. "அவன் விழவே இல்ல. அப்படியே நடந்து போறான்."

அதாவது யாரோ அசல் கூட்டைத் திறந்து, உள்ளே இருந்த மின்சுற்றுப் போர்டை எடுத்துக்கொண்டு, மறுபதிப்பின் போர்டை வைத்து மூடியிருக்கிறார்கள். சேமித்த ஆட்டமும் அதைத் தாங்கும் பேட்டரியும் அந்தப் போர்டோடு போய்விட்டன.

இமாசெகி கேசட்டை விளக்குக்கு அருகில் பிடித்து, இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. "இது உங்க கையை விட்டு எப்போ போச்சு?"

"போன ஞாயிறு. மறுபதிப்பு வந்ததைக் கொண்டாடற விழா. மாடியறையில இதைப் பார்வைக்கு வெச்சிருந்தாங்க. மூணு பேர் தனித்தனியா உள்ளே போய்ப் போட்டோ எடுத்தாங்க. சுகிமோரி, கடைக்காரி ஒகினோ, அப்புறம் பல் டாக்டர் காஜிதானி. மூணு பேர் கையிலயும் விழாவுல குடுத்த மறுபதிப்பு கேசட் இருந்துச்சு." அவர் பட்டுத்துணியை மடித்து மடித்துப் பிரித்தார். "எனக்குக் கூடு வேண்டாம். விலையும் வேண்டாம். அந்த ரெண்டு பேரும் திரும்பி வரணும்."

*

சுகிமோரியின் பட்டறையில் ஈயம் உருகும் வாடை. விஷயத்தைக் கேட்டதும் மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சேவ் இருந்துச்சா? அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட்டைத் திறக்காமலே நகல் எடுத்துக் குடுத்திருப்பேனே! அந்தக் காலத்துப் பேட்டரி இன்னும் உயிரோட இருக்கறதே பெரிய விஷயம் ஸார். இன்னிக்குப் போகுமோ நாளைக்குப் போகுமோ. எடுத்தவன் கொஞ்சம் முரட்டுத்தனமா தட்டினாக்கூட எல்லாம் போச்சு."

அவர் பழுதுபார்த்து அடுக்கி வைத்திருந்த கேசட்டுகளில் ஒன்றை இமாசெகி கையில் எடுத்தார். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு. இன்னொன்றிலும் அதே கோடு.

"எதை வெச்சுத் திறப்பீங்க?"

"இந்த எஃகுத் தகடுதான். இதுக்கு திருகாணி கிடையாதே, உள்ளே பிளாஸ்டிக் கொக்கிங்கதான். அவசரத்துல கொஞ்சம் கீறத்தான் செய்யும். சேகரிக்கறவங்க பார்த்தா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

அடுத்தது ஒகினோவின் கடை. கூரை வரை பழைய கேசட்டுகள், நடுவே ஆக்டோபஸ் துண்டு வைத்த சூடான தாக்கோயாக்கி உருண்டைகளை ஊதி ஊதித் தின்றுகொண்டு ஒகினோ.

"என்ன பெருசு, என்னைப் பிடிச்சுட்டுப் போக வந்தீங்களா? கை கழுவிட்டு வந்துடட்டுமா?" என்றாள் இமாசெகியைப் பார்த்து. மகிஹோவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மறுபதிப்பால உனக்கு நஷ்டமா?" என்று கேட்டார் இமாசெகி.

"இல்லாம? என்கிட்ட அசல் ஒண்ணு இருக்கு. போன வருஷம் கண்ணுல ஒத்திக்கிட்டுப் பார்த்தவன்லாம் இப்போ, 'அக்கா, உள்ளே திறந்து காட்டுங்க'ன்றான். பழைய கூட்டுக்குள்ள புது போர்டைப் போட்டு ஏமாத்திடுவாங்களாம்! முன்னாடி அட்டையும் கூடும் நல்லா இருந்தாப் போதும். இப்போ போர்டும் அசலா இருக்கணும், ஓடவும் ஓடணும். சேகரிப்பாளர் சங்கத்துலயே அடுத்த மாசம் எல்லாரோட அசலையும் திறந்து பார்த்துச் சான்றிதழ் குடுக்கப் போறாங்க. கூடு மட்டும் வெச்சிருக்கறவன் பாடு திண்டாட்டம்தான்."

"ஓடற அசல் யார் யார்கிட்ட இருக்கு?"

"என்னுது, அந்தம்மாவோடது, டாக்டரோடது. டாக்டர் தன்னுதை ரொம்ப நாளா யாருக்கும் காட்டல. அவர் வீட்டுல கூரை ஒழுகி, பாதி அலமாரி நனைஞ்சதுக்கு அப்புறம் பொத்திப் பொத்தி வெச்சிருக்கார். சரி, உருண்டை ஆறுது, சாப்பிடுங்க."

காஜிதானியின் மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறை. வெயில் படாமல் கனத்த திரை, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்கள், வரிசை வரிசையாகக் கேசட்டுகள். டாக்டர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபோது அவர் குரலே குழைந்தது. மகிஹோவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தனக்குப் பிடித்ததைப் பற்றி இப்படிப் பேசும் மனிதர் கெட்டவராக இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு இசையைக் கேட்கவைத்துவிட்டு, பவரை ஒரே தள்ளாகத் தள்ளி அணைத்தார்.

"டாக்டர், ரீசெட்டை அழுத்தாம அணைச்சிட்டீங்களே!" என்று பதறினாள் மகிஹோ.

அவர் சிரித்தார். "இங்க இருக்கற எதுலயும் பேட்டரி உயிரோட இல்லம்மா. செத்த பேட்டரிக்கு என்ன மரியாதை?"

"உங்க மூடுபனித் தீவுலயும் அப்படித்தானா?" என்றார் இமாசெகி.

"அதுலயும்தான். பேட்டரி போய் இருபது வருஷம் இருக்கும். ஆனா ஆட்டம் ஜம்முன்னு ஓடும். வாங்கினதுல இருந்து நான் அதைத் திறந்ததே இல்ல."

"ரிட்சுகோ அம்மாவோட போர்டை யாரோ மாத்திட்டாங்க. சந்தேகம் மூணு பேர் மேலயும் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் ஒகினோ கடை மாடியில, அவங்கவங்க கேசட்டைக் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டிட்டா விஷயம் முடிஞ்சுது."

காஜிதானி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "வரேன்" என்றார்.

*

மறுநாள் மாலையும் மழை விடவில்லை. ஒகினோவின் மாடியறையில் பழைய படக்குழாய் டிவி, அதன் முன்னே சிவப்பும் வெள்ளையுமான அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டி. பார்லி டீ கோப்பைகளை யாரும் தொடவில்லை. ரிட்சுகோ சுவரோரம் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சுகிமோரியை ஏதோ ஒரு கருவியோடு வரச்சொல்லியிருந்தார் இமாசெகி. அது எதற்கு என்று மகிஹோவிடம்கூட அவர் சொல்லவில்லை. அவளுக்கு அதில் கோபம்.

முதலில் சுகிமோரி. அவரிடம் அசல் கிடையாது, மறுபதிப்பைப் போட்டார். நாயகன் கிணற்றைச் சுற்றி நிம்மதியாக நடந்து போனான். சுகிமோரி பவரைத் தள்ளி அணைத்தார்.

அடுத்து ஒகினோ. நாயகன் கிணற்றின் வடக்கே போனான், மறைந்தான், படம் உறைந்தது. அசல்தான். "போனான் பாரு, மவராசன்!" என்று சொல்லிக்கொண்டே பட்டென்று அணைத்தாள். "என்னுதுலயும் பேட்டரி செத்தாச்சு, கவலையில்ல."

கடைசியாகக் காஜிதானி. கையுறையோடு கேசட்டைச் செருகினார். 'தொடக்கத்திலிருந்து' என்பதைத் தேர்ந்தெடுத்தார். ஊர் வந்தது, கிணறு வந்தது. நாயகன் மறைந்தான், படம் உறைந்தது. டாக்டர் குனிந்து, அணைத்து, கேசட்டை வெளியே எடுத்தார்.

"ரெண்டும் அசல்!" மகிஹோவுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ரிட்சுகோவின் தோள்கள் தளர்ந்தன.

"என்ன பெருசு" என்றாள் ஒகினோ, "கடைசியில உங்க கேஸுதான் கிணத்துல விழுந்துச்சா?"

இமாசெகி சிரிக்கவில்லை. "டாக்டர், அணைக்கும்போது ஏன் ரீசெட்டை அழுத்திப் பிடிச்சீங்க?"

காஜிதானி நிமிர்ந்து பார்த்தார். "பழக்கம். எங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு."

"எல்லாருக்கும் உண்டு. ஆனா உங்களுக்கு நேத்து இல்லியே. உங்க அறையில ஒரு கேசட்டை ஒரே தள்ளுல அணைச்சீங்க. மகிஹோ கேட்டதுக்கு, செத்த பேட்டரிக்கு என்ன மரியாதைன்னீங்க. உங்க மூடுபனித் தீவோட பேட்டரியும் செத்து இருபது வருஷம்னு நீங்களேதான் சொன்னீங்க. அப்போ இன்னிக்கு எதுக்கு மரியாதை செஞ்சீங்க?"

"கை தன்னால போச்சு. அவ்வளவுதான்."

"இருக்கலாம். நான் வேற விதமா யோசிச்சேன்." இமாசெகியின் குரல் உயரவே இல்லை. "ரிட்சுகோ அம்மாவோட கேசட்டுல விலையுள்ள கூட்டை விட்டுட்டு, போர்டை மட்டும் எடுத்திருக்காங்க. கூடு நல்லா இருந்து போர்டு செத்துப்போனவனுக்குத்தான் அது வேணும். ஒகினோகிட்ட ஓடற அசல் இருக்கு. சுகிமோரிகிட்ட அசல் கூடே இல்ல. தவிர, அவர் திறந்தா விளிம்புல வெள்ளைக் கோடு விழும். இதுல கீறலே இல்ல. மெல்லிசான பிளாஸ்டிக் கருவியும், இடுக்குல வேலை செஞ்சு பழகின கையும் வேணும். ஒழுகின கூரைக்கு அப்புறம் உங்க கேசட்டை யாரும் ஓட்டிப் பார்த்ததில்ல. அடுத்த மாசம் சங்கத்துல திறந்து பார்க்கப் போறாங்க."

"இதெல்லாம் ஊகம்."

"ஆமாம். சாட்சி கேசட்டுக்குள்ள இருக்கு. பேட்டரி செத்திருந்தா, 'தொடர்'னு அழுத்தினா ஒண்ணும் வராது. மகிஹோ, போடும்மா."

மகிஹோ ஆத்திரத்தில் கேசட்டைப் பறிக்கிற வேகத்தில் கை நீட்டினாள்.

"மெல்ல! தட்டாதே, தட்டினா அழிஞ்சிடும்!" காஜிதானி இரண்டு கைகளாலும் கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினார்.

கத்தியதும் அவருக்கே புரிந்துவிட்டது.

"டாக்டர்..." என்றாள் ஒகினோ. முதல் முறையாக அவள் குரலில் கிண்டல் இல்லை.

அவர் கேசட்டை ரிட்சுகோவின் முன்னால் தரையில் வைத்து, நெற்றி பாயில் படக் குனிந்தார். "என்னுது நனைஞ்சு, துருப்பிடிச்சு, செத்துப்போச்சு. வெளியில சொல்ல வாய் வரல. ஊர்ல பல் டாக்டருங்க எத்தனையோ பேர். மூடுபனித் தீவு வெச்சிருக்கற டாக்டர் நான் ஒருத்தன்தான். மறுபதிப்பு வந்ததும் எல்லாரும் திறந்து காட்டுன்னாங்க. விழா அன்னிக்கு மாடியறையில தனியா இருந்தப்போ, பையில பல் அச்சு எடுக்கற பிளாஸ்டிக் கரண்டி இருந்துச்சு. உள்ளே சேவ் இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சதும் அழிச்சிருக்கலாமே" என்றார் சுகிமோரி. "நீங்க மாட்டியிருக்கவே மாட்டீங்க."

"'அழி' மேல விரலை வெச்சேன். வெச்சு வெச்சு எடுத்தேன். யாரோ பாதி ஆடிட்டு, அப்புறம் வரலாம்னு வெச்சுட்டுப் போன ஆட்டம். அதை எப்படி அழிக்கறது?"

மகிஹோ இமாசெகியின் காதருகே குனிந்தாள். "ஒருவேளை அழிச்சிருந்தா?"

"கவலையில்லாம ஒரே தள்ளுல அணைச்சிருப்பார். நாம தோத்திருப்போம்" என்றார் அவர். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ரிட்சுகோ கேசட்டை எடுக்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளே போனீங்களா?"

"போனேன். பார்த்தேன். எதையும் நகர்த்தல."

"நானே போனதில்ல." ரிட்சுகோவின் குரல் ஓங்கியது. அது வெறும் கோபம்தான், வேறொன்றும் கலக்காத கோபம். "இத்தனை வருஷம் பேரை மட்டும் படிச்சிட்டு, கையைக் கட்டிக்கிட்டுத் திரும்பிடுவேன். நீங்க ஒரு வாரத்துல உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்துட்டீங்க."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல."

"இல்லதான்" என்றார் ரிட்சுகோ.

ஒகினோ எழுந்துபோய் மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்தாள். "டாக்டர், போலீசுக்குப் போறதும் விடறதும் அந்தம்மா பாடு. ஆனா என் கடையில இனிமே உங்களுக்கு ஒரு கேசட்டும் கிடையாது. இந்தத் தெருவுல வேற எந்தக் கடையிலயும் கிடைக்காது. நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

போலீஸ் என்றபோது அசையாத முகம், இதைக் கேட்டதும் வெளுத்துப்போயிற்று. அவர் கையுறைகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

இப்போது சுகிமோரி தன் கருவியைப் பிரித்தார். கேசட்டை அதில் பொருத்தும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. சின்ன விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. நின்றது, மறுபடி மினுக்கியது. மகிஹோ தன் விரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள். கடைசியில் சுகிமோரி நிமிர்ந்தார்.

"நகல் எடுத்தாச்சும்மா. பேட்டரி இந்த நிமிஷமே செத்தாலும் கவலையில்ல. இனி நீங்க என்ன அழுத்தினாலும், எதைக் கலைச்சாலும், திரும்பக் கொண்டுவந்துடலாம்."

ரிட்சுகோ டிவியின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கேசட்டைச் செருகி, 'தொடர்' என்று அழுத்தினார். தோமோ, ரிட்சு. இரண்டு பெயர்கள். வழக்கமாக அணைத்துவிடும் இடத்தில் அவர் விரல் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் அழுத்தினார்.

ஒரு விடுதி அறை. இரண்டு கட்டில்கள். இரண்டு சின்ன உருவங்கள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன.

"விடுதியிலதான் சேவ் பண்ண முடியும்" என்றாள் மகிஹோ. "தூங்கறாங்க. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினா எழுந்துடுவாங்க."

அவர் அழுத்தினார். தோமோ முதலில் எழுந்தான், பின்னால் ரிட்சு. விடுதிக்காரர் உள்ளே வந்து தோமோவின் பக்கம் திரும்பினார். தோமோனாரி எழுதிய வரி ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழுந்தது: 'நன்றாகத் தூங்கினீர்களா? அக்காவுக்கு முதலில் சாப்பாடு கொடுங்கள்.'

ரிட்சுகோ முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ஏண்டா, இவ்வளவு நேரமாடா தூங்கறது?" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே, இரண்டு பேரையும் கதவை நோக்கி நடத்தினார்.